மூன்று பவுண்டு ஆதரவாளர் பதிவு: பிரிட்டன் தொழிலாளர் கட்சி விற்ற ஒரு சேவைக்கு மதிப்புரை

பிரிட்டனின் தொழிலாளர் கட்சி 2015-ஆம் ஆண்டுக் கோடையில் பொதுமக்களுக்கு ஒரு சேவையை விற்றது. விலை 3 பவுண்டு. அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 300 ரூபாய். அந்தத் தொகையைக் கட்டியவர் கட்சியில் உறுப்பினராகச் சேராமலேயே கட்சியின் அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கைப் பெற்றார். அவருக்குக் கட்சி வைத்த பெயர் ‘பதிவு செய்த ஆதரவாளர்’. 2021 செப்டம்பரில் பிரைட்டனில் கூடிய மாநாடு இந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது. விற்பனையில் இல்லாத ஒன்றை இப்போது ஏன் மதிப்பிட வேண்டும் என்று கேட்கலாம். வாக்காளர்கள் மாறிவிட்டார்கள், கட்சி என்ன செய்வது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், கதவைத் திறந்துவிட்டால் வெளியே இருப்பவர்கள் உள்ளே வருவார்கள், அவர்களோடு சேர்ந்து கட்சியும் மாறிவிடும் என்ற யோசனை முதல் ஆளாக வந்து நிற்கிறது. அந்த யோசனைக்கு விலை குறித்து, விண்ணப்பப் படிவம் அச்சிட்டு, கடைசித் தேதி வைத்து, சரிபார்க்க ஆட்களையும் அமர்த்தி முழுமையாக நடத்திப் பார்த்த கட்சி இது. ஆகவே அந்த யோசனையின் பலமும் பலவீனமும் இங்கே தெரிவதைப்போல வேறெங்கும் தெரிவதில்லை.

இந்தச் சேவை யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் அது பயன்பட்டதா என்று சொல்ல முடியாது. 1981 முதல் தொழிலாளர் கட்சியின் தலைவரை ஒரு மும்முனைத் தேர்வுக் குழு தேர்ந்தெடுத்து வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒரு பிரிவு, கட்சி உறுப்பினர்கள் ஒரு பிரிவு, கட்சியோடு இணைந்த தொழிற்சங்கங்கள் ஒரு பிரிவு. 1993-க்குப் பிறகு மூன்றுக்கும் சம எடை. 2010-இல் டேவிட் மிலிபேண்ட் முதல் இரண்டு பிரிவுகளிலும் முன்னிலை பெற்றும், தொழிற்சங்கப் பிரிவின் துணையால் அவருடைய தம்பி எட் மிலிபேண்ட் 50.65-க்கு 49.35 என்ற விகிதத்தில் தலைவரானார். தொழிற்சங்கத் தலைவர்கள் கொடுத்த பதவி என்ற ஏச்சு அன்று முதல் அவரைப் பின்தொடர்ந்தது. 2013-இல் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் தொகுதியில், தங்களுக்கு வேண்டியவரை வேட்பாளராக்குவதற்காக யுனைட் என்ற தொழிற்சங்கம் ஆட்களை மொத்தமாகக் கட்சியில் சேர்த்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரித்த கட்சி, பின்னர் அந்தச் சங்கம் தவறேதும் செய்யவில்லை என்று முடித்துக்கொண்டது. ஆனால் அதற்குள் தேர்வு முறையையே மாற்றுவதாக மிலிபேண்ட் அறிவித்துவிட்டார். கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் ரே காலின்ஸ் தயாரித்த அறிக்கை 2014 மார்ச் 1 அன்று லண்டனில் நடந்த சிறப்பு மாநாட்டில் பெரும்பான்மையோடு நிறைவேறியது. ஆளுக்கு ஒரு வாக்கு, நாடாளுமன்ற உறுப்பினரானாலும் அதே ஒன்றுதான் என்பது புதிய விதி. வாக்களிப்போர் மூன்று வகை: உறுப்பினர், சங்கத்தின் வழியாகப் பதிந்த இணைப்பு ஆதரவாளர், 3 பவுண்டு கட்டிய பதிவு செய்த ஆதரவாளர்.

ஆக, இந்தச் சேவையின் பிறப்புக் காரணம் வாக்காளர் மாற்றம் அன்று, சங்கங்களோடு கட்சிக்கிருந்த பழைய கணக்கு வழக்கு. இந்தக் கணக்கைத் தீர்க்க எடுத்த முடிவுக்கு, கட்சியைச் சமூகத்துக்குத் திறந்துவிடுகிறோம் என்ற பெரிய பெயர் பிறகு சூட்டப்பட்டது. சந்தையில் ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு ஒரு பெயரும், எதற்காக விற்கப்படுகிறதோ அதற்கு வேறொரு பெயரும் இருப்பது புதிதல்ல. ஆனால் பின்னால் வந்த குழப்பங்களில் பாதிக்கு இந்த இரட்டை நோக்கமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாங்கும் முறை எளிமையாக இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் வடிவமைத்தவர்களைத் தாராளமாகப் பாராட்டலாம். இணையதளத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி கொடுத்து அட்டை வழியாகப் பணம் கட்டினால் போதும். செல்பேசிக் குறுஞ்செய்தி வழியாகவும் பதியலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கட்சி சரிபார்க்கும். கட்சியின் நோக்கங்களையும் விழுமியங்களையும் ஆதரிக்கிறேன், அதை எதிர்க்கும் எந்த அமைப்பையும் ஆதரிக்கவில்லை என்ற உறுதிமொழிக்கு ஒப்புதல் தர வேண்டும். பிறகு வாக்களிப்புக்கான குறியீடுகள் மின்னஞ்சலில் வரும். வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விருப்ப வரிசைப்படுத்தி அனுப்பினால் வேலை முடிந்தது. ஆண்டுக்கு 45 பவுண்டுக்குச் சற்று மேல் இருந்த முழு உறுப்பினர் சந்தாவோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு. கிளைக் கூட்டத்துக்குப் போக வேண்டாம், துண்டறிக்கை விநியோகிக்க வேண்டாம், தேர்தல் நாளில் கதவு தட்ட வேண்டாம். உறுப்பினருக்கு உள்ள உரிமைகளிலேயே மதிப்பு மிகுந்த ஒன்றை மட்டும் தனியே பிரித்து, அதை எல்லாவற்றையும்விடக் குறைந்த விலைக்கு விற்றார்கள். பல ஆண்டுகள் மழையில் நனைந்து கதவு தட்டிய உறுப்பினருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை நம் ஊர்க் கிளைச் செயலாளர் எவரிடமும் கேட்டால் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுவார்.

தேவை எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு வந்தது. 2015 மே 7 பொதுத்தேர்தலில் 232 இடங்களோடு தோற்ற மறுநாளே மிலிபேண்ட் விலகினார். ஆண்டி பர்னம், இவெட் கூப்பர், லிஸ் கெண்டல் ஆகிய மூவரும் களத்தில் இருந்தனர். நான்காவதாக, கட்சியின் இடதுசாரி அணியைச் சேர்ந்த ஜெரமி கார்பின், போட்டியிடத் தேவையான 35 நாடாளுமன்ற உறுப்பினர்களின் முன்மொழிவை எட்டி, 36 பெயர்களோடு ஜூன் 15 அன்று கெடு முடியும் தறுவாயில் உள்ளே வந்தார். அவரை ஆதரிக்காத சிலரும், விவாதம் விரியட்டும் என்ற பெருந்தன்மையில் முன்மொழிந்திருந்தார்கள். அப்படிச் செய்தவர்களை ஒரு முன்னாள் ஆலோசகர் முட்டாள்கள் என்று சாடியபோது, அவர்களில் தானும் ஒருத்தி என்று மார்கரெட் பெக்கெட் வானொலியில் ஒப்புக்கொண்டார். பதிவுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 12, நண்பகல். அன்று கூட்டம் தாங்காமல் இணையதளம் படுத்துவிட, கெடு பிற்பகல் 3 மணி வரை நீட்டிக்கப்பட்டது. மூன்று வகைகளையும் சேர்த்துக் கடைசி ஒரு நாளில் மட்டும் 1,60,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். தேர்தலில் தோற்றுப்போன ஒரு கட்சியின் வாசலில் இத்தனை பேர் வரிசையில் நிற்பது, கட்சிகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று எழுதிவந்த அரசியல் அறிஞர்களுக்கு ஓர் அதிர்ச்சிதான்.

சேவையின் பெரிய கோளாறு இங்கேதான், சரிபார்ப்பு மேசையில் வெளிப்பட்டது. வரிசையில் நின்றவர்களில் சிலர் குறும்புக்காக வந்தவர்கள். கன்சர்வேட்டிவ் நாடாளுமன்ற உறுப்பினர் டிம் லாட்டன் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டது அந்த வகை. அவரை வெளியே நிறுத்துவதில் யாருக்கும் சிரமம் இல்லை. ஆனால் பசுமைக் கட்சிக்கு வாக்களித்தவரை, அதன் வேட்பாளரை முன்மொழிந்தவரை, சமூக ஊடகத்தில் அதைப் பாராட்டியவரை என்ன செய்வது? அரசு ஊழியர் சங்கத்தின் பொதுச்செயலாளர் மார்க் செர்வோட்காவே நிராகரிக்கப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு கழிக்கப்பட்டபோது, கட்சி களையெடுப்பு நடத்துகிறது என்ற கூச்சல் எழுந்தது.

நிர்வாகத் திறமைக் குறைவு என்று இதைக் கடந்துபோக முடியாது. உறுதிமொழியின் சொற்களிலேயே முரண்பாடு இருக்கிறது. 2015 தேர்தலில் தொழிலாளர் கட்சி ஸ்காட்லாந்தில் தன் 41 இடங்களில் 40-ஐ ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியிடம் இழந்திருந்தது. இங்கிலாந்தின் பழைய சுரங்க, துறைமுக ஊர்களில் அதன் வாக்கு, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறக் கோரிய யுகிப் கட்சிக்குக் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கட்சி நாடு முழுவதும் 12.6 விழுக்காடு பெற்றது. மாறிய வாக்காளர் என்பவர் இவர்தான்: நேற்று நம் கட்சி, இன்று வேறு கட்சி. இவரிடம்தான் கட்சிக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. ஆனால் எதிர்க்கும் அமைப்பு எதையும் ஆதரிக்கவில்லை என்று கையெழுத்திட வேண்டிய படிவம், நேர்மையாக நிரப்பினால், அவரைத்தான் முதலில் திருப்பி அனுப்பும். கடையை விட்டுப் போன வாடிக்கையாளரின் மனம் அறிய வேண்டும் என்று புறப்பட்ட வணிகர், கடைக்குள் நின்றிருப்பவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்ததைப் போன்றது இது. அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் எதிரிக் கட்சிக்காரர் தலைவரைத் தேர்ந்தெடுப்பார். வைத்துக்கொண்டால் விலகிப்போனவர் வரமாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்காமலே பொருளைச் சந்தைக்கு விட்டார்கள்.

செப்டம்பர் 12 அன்று முடிவு வந்தது. மொத்தம் 4,22,664 வாக்குகளில் கார்பினுக்கு 2,51,417, அதாவது 59.5 விழுக்காடு. இரண்டாவதாக வந்த பர்னமுக்கு 19 விழுக்காடு. பதிவு செய்த ஆதரவாளர்களில் வாக்களித்த 1,05,598 பேரில் 83.8 விழுக்காட்டினர் கார்பின் பக்கம். இதை வைத்து, 3 பவுண்டுக்காரர்கள் கட்சியைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று அன்று முதல் இன்று வரை ஒரு சாரார் சொல்லிவருகிறார்கள். அது பாதி உண்மை. சந்தா கட்டிய முழு உறுப்பினர்களிடையிலும் அவர் முதல் சுற்றிலேயே 49.6 விழுக்காடு பெற்றிருந்தார். விருப்ப வரிசை வாக்குகள் எண்ணப்பட்டிருந்தால் அவர்களை மட்டும் வைத்தே வென்றிருப்பார் என்பதில் ஐயமில்லை. சேவையை வாங்கியவர்கள் வெற்றியின் அளவைப் பெரிதாக்கினார்கள்; வெற்றியை உண்டாக்கவில்லை. இராக் போர், பல்கலைக்கழகக் கட்டணம் ஆகியவற்றால் மனம் கசந்து ஒதுங்கியிருந்த பழைய உறுப்பினர்களும், முதல் முறையாக அரசியலுக்கு வந்த இளைஞர்களும் அப்படி வாங்கியவர்களில் இருந்தார்கள். தொலைந்துபோனவர்களில் ஒரு பகுதியினரைக் கட்சி உண்மையிலேயே மீட்டது. 2015-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 லட்சமாக இருந்த முழு உறுப்பினர் எண்ணிக்கை அடுத்த ஆண்டு 5 லட்சத்தைத் தாண்டியதற்கு, இந்த மலிவு வாசல் வழியாக வந்தவர்கள் பிறகு முழுச் சந்தா கட்டிச் சேர்ந்ததும் ஒரு காரணம்.

சிக்கல், மீண்டு வந்தவர்கள் எந்தப் பகுதியினர் என்பதில் இருக்கிறது. இணையத்தில் பணம் கட்டி, கெடுவைக் கவனித்து, அரசியல் விவாதங்களைப் பின்தொடர்ந்து வரிசையில் நிற்பவர் ஏற்கெனவே அரசியலில் ஆர்வம் உள்ளவர். கோபம் வந்தால் உரக்கப் பேசுகிற வகை. கட்சியை விட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்த வகையினர் இவரல்லர். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் கட்சி உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க விரும்பினார்கள். கட்சி வென்றிருந்த தொகுதிகளில் பெரும்பாலானவை வெளியேற வாக்களித்தன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. உறுப்பினர் பட்டியல் பெருத்துக்கொண்டே போன அதே ஆண்டுகளில் இந்த இடைவெளியும் அகன்றது. 2017-இல் கார்பின் தலைமையில் 40 விழுக்காடு வாக்கும் 262 இடங்களும் கிடைத்தபோது, திறந்த கதவுதான் வென்றது என்று பலரும் நம்பினார்கள்; நம்பியதற்கு நியாயமும் இருந்தது. 2019 டிசம்பரில் எண்ணிக்கை 202-க்கு இறங்கியது. வட இங்கிலாந்தின் நிலக்கரிக் கடற்கரையில், பல பத்தாண்டுகளாகக் கட்சியை விட்டு அசையாதிருந்த பிளைத் வேலி தொகுதி, 712 வாக்கு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனது. 1970 முதல் போல்சோவர் தொகுதியின் உறுப்பினராக இருந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி டென்னிஸ் ஸ்கின்னர் தோற்றார். அந்த ஊர்களில் கட்சி தோற்றதற்குப் பிரெக்சிட், தலைவர் மீதான அவநம்பிக்கை, பல பத்தாண்டுகளாக நடந்த தொழில் சிதைவு என்று காரணங்கள் பல உண்டு. 3 பவுண்டுச் சேவை அவற்றில் எதற்கும் பொறுப்பல்ல. ஆனால் இலட்சக்கணக்கானோரின் விவரங்களைக் கையில் வைத்திருந்த கட்சிக்கு, அந்த ஊர்களில் என்ன நடக்கிறது என்று சொல்ல அந்தப் பட்டியலால் முடியவில்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும்.

இரண்டாம் பதிப்பு முதலாவதைவிட மோசம். 2016 ஜூன் 28 அன்று கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களே 172-க்கு 40 என்ற கணக்கில் கார்பின் மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். அடுத்து வந்த தலைமைத் தேர்தலில் அவர்களில் ஒருவரான ஓவன் ஸ்மித் அவரை எதிர்த்து நின்றார். இம்முறை தேசிய நிர்வாகக் குழு கட்டணத்தை 25 பவுண்டாக உயர்த்தி, பதிவுக்கு ஜூலை 18 முதல் 20 வரை இரண்டே நாள் கொடுத்தது. ஜனவரி 12-க்குப் பிறகு சேர்ந்த முழு உறுப்பினர்களுக்கு வாக்கில்லை என்றும் முடிவு செய்தது. அவர்களில் சிலர் வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். நான்கு நாள் கழித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. நேற்று கையைப் பிடித்து உள்ளே அழைத்தவர்களை இன்று வாசலில் நிறுத்தி எண்ணுகிற கட்சியை எந்த வாக்காளர் நம்புவார்? விலையை எட்டு மடங்குக்கு மேல் ஏற்றியும் 1,83,541 பேர் விண்ணப்பித்தார்கள். அனைவருடைய பணமும் ஏற்கப்பட்டிருந்தால் அது 45 லட்சம் பவுண்டுக்கு மேல். கூட்டத்தைக் குறைக்க வைத்த விலை கருவூலத்தை நிரப்பியதே தவிர, முடிவை மாற்றவில்லை: கார்பின் 61.8 விழுக்காட்டோடு மீண்டும் வந்தார். ஏழைகளின் கட்சி என்று சொல்லிக்கொள்ளும் ஓர் இயக்கம், ஒரு வாக்குக்கு 25 பவுண்டு கேட்டது எப்படிப்பட்ட வடிகட்டி என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வேலையில்லாக் காலப் படியில் வாழும் ஒருவருக்கு அது சில நாள் சாப்பாட்டுச் செலவு.

2020-இல் மூன்றாம் பதிப்பும் 25 பவுண்டு, இரண்டு நாள் என்றே வந்தது. பதிந்தவர்கள் 15,000-க்கும் குறைவு. கியர் ஸ்டார்மர் 56.2 விழுக்காட்டோடு தலைவரானார். அடுத்த ஆண்டு அவரே சேவையை மூடும் விதித்திருத்தத்தைக் கொண்டுவந்து, 53 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட ஆதரவில் நிறைவேற்றினார். தலைமைக்குப் போட்டியிட வேண்டிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆதரவையும் 20 விழுக்காடாக உயர்த்தினார்.

இதே சேவை நன்றாக வேலை செய்த ஓர் இடமும் உண்டு. 2015-இல் லண்டன் மேயர் வேட்பாளரையும் இதே மூவகை வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒலிம்பிக் போட்டிகளை லண்டனுக்குக் கொண்டுவந்த அமைச்சர் என்ற புகழோடு டெஸ்ஸா ஜோவல் முன்னணியில் இருப்பதாகவே பலரும் கருதினர். ஆனால் டூட்டிங் தொகுதியின் உறுப்பினரும் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகனுமான சாதிக் கான் இறுதிச் சுற்றில் 58.9 விழுக்காடு பெற்று வென்றார். டூட்டிங் பிராட்வேயின் தோசைக் கடைகளையும் நகைக் கடைகளையும் அறிந்த லண்டன் தமிழர்களுக்கு அந்தத் தொகுதியின் கலவையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் அவர் மேயரானார். பிறகு இரண்டு முறை மீண்டும் வென்றார். வாங்கியவர்களும் வாக்களிக்கப் போகிறவர்களும் ஏறத்தாழ ஒரே வகை மக்களாக இருந்த நகரத்தில், மாறிவிட்ட லண்டனைக் கட்சி அலுவலகத்தைவிட இந்தச் சேவையை வாங்கியவர்கள் முன்னதாகவே கண்டுகொண்டார்கள். நாடு முழுவதற்கும் அதை நீட்டியபோது, அந்த ஒற்றுமை இல்லாமல் போனது.

போட்டிச் சேவைகளோடு ஒப்பிட்டால் குறை இன்னும் துல்லியமாகத் தெரியும். பிரான்சின் சோசலிஸ்ட் கட்சி 2011-இல் 1 யூரோவுக்கும் ஒரு கையெழுத்துக்கும் அதிபர் வேட்பாளர் தேர்வைத் திறந்துவிட்டது. ஃபிரான்சுவா ஒல்லாந்து அதில் வென்று அதிபருமானார். அதே வழியில் 2017-இல் தேர்வான பெனுவா ஆமோன் அதிபர் தேர்தலில் 6.4 விழுக்காடு மட்டுமே பெற்றார். வழி ஒன்று, விளைவு இரண்டு. இத்தாலியின் ஜனநாயகக் கட்சியில் 2023-இல் உறுப்பினர் கிளைகளின் வாக்கில் பின்தங்கிய எல்லி ஷ்லைன், 2 யூரோ கட்டி வந்த பொதுமக்களின் வாக்கில் வென்று தலைவரானார். உறுப்பினர்களின் கருத்தும் ஆதரவாளர்களின் கருத்தும் அங்கே தனித்தனியாக எண்ணப்பட்டதால், இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கட்சி கண்ணால் பார்க்க முடிந்தது.

என்னைக் கேட்டால், கனடாவின் லிபரல் கட்சி செய்ததுதான் இந்த வகையில் தேர்ந்த வேலை. 2011 தேர்தலில் 34 இடங்களுக்குச் சுருங்கி மூன்றாம் இடத்துக்குப் போன அந்தக் கட்சி, ஆதரவாளர் என்ற வகையை இலவசமாகவே உண்டாக்கியது. 2013-இல் ஜஸ்டின் ட்ரூடோ அவர்களின் வாக்கையும் பெற்றுத் தலைவரானார். அதைவிட முக்கியம், தலைமைத் தேர்தல் முடிந்ததும் அந்த மக்களை மறந்துவிடாததுதான். பெயரைக் கொடுத்தவரைத் தன்னார்வலராக்கி, அவர் தெருவில் கதவு தட்ட அனுப்பி, அங்கிருந்து வரும் விடைகளைக் கட்சி சேகரித்தது. 2015-இல் 184 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. 2016-இல் உறுப்பினர் கட்டணத்தையே ஒழித்து, பதிவு செய்யும் எவரும் லிபரல் என்று விதியை மாற்றியது. வாக்கு எண்ணும் முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது: ஒவ்வொரு தொகுதிக்கும் சம புள்ளிகள். டொரன்டோவில் ஆயிரம் பேர் பதிந்தாலும் மேற்கே ஒரு சிறு தொகுதியில் ஐம்பது பேர் பதிந்தாலும், அந்தந்தத் தொகுதியின் எடை ஒன்றே. தொழிலாளர் கட்சியின் சேவையில் இந்த ஒன்று இருந்திருந்தால், பிளைத் வேலியின் குரல் லண்டன் இஸ்லிங்டனின் குரலில் கரைந்து போயிருக்காது. கனடா முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களும் பதியலாம் என்ற விதி வெளிநாட்டுத் தலையீட்டுக்கு இடம் கொடுக்கும் என்று கண்டனம் எழுந்து, 2025 தலைமைத் தேர்தலுக்கு முன் அதை மாற்ற வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக்கு இந்தச் சரக்கு அந்நியமானதல்ல. அ.தி.மு.க.வின் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி, அந்த விதி நடைமுறையில் எத்தனை முறை உண்மையான போட்டியைக் கண்டது என்பது வேறு கதை. பாரதிய ஜனதா கட்சி 2014 நவம்பரில் மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்று அறிவித்து, எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியதாகச் சொன்னது. அங்கே விலை 3 பவுண்டுகூட இல்லை, சுழியம். ஆனால் வாக்குரிமையும் சுழியம். வாங்கியவருக்குச் சேவை எதுவும் இல்லை, விற்றவருக்குத் தொலைபேசி எண்கள் உண்டு. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் பிரிட்டன்காரர்கள் நேர்மையான வியாபாரிகள்: காசு வாங்கினார்கள், பொருளைக் கொடுத்தார்கள், அந்தப் பொருள் தங்கள் தலையிலேயே விழும் என்று தெரிந்த பிறகும் வாக்குகளை ஒழுங்காக எண்ணி அறிவித்தார்கள்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், வாங்கியவரின் நிலையிலிருந்து 2015 பதிப்புக்கு நான்கு தருவேன். 3 பவுண்டுக்கு ஒரு பெரிய கட்சியின் திசையைத் தீர்மானிப்பதில் பங்கு என்பது வேறெங்கும் கிடைக்காத மதிப்பு. 2016 பதிப்புக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. விற்ற கட்சியின் நிலையிலிருந்து பார்த்தால் இரண்டரை. ஆளில்லாத கட்சியை ஆட்களால் நிரப்ப வேண்டும் என்றால் இந்தச் சேவையை எந்தக் கட்சிக்கும் பரிந்துரைப்பேன். விலகிப்போன வாக்காளரை அறிய வேண்டும் என்றால் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு அவர் ஊருக்குப் போவதும், ஏன் போனாய் என்று கேட்டு, வரும் வசவை எழுதிக்கொள்வதும்தான் வழி. இரண்டையும் ஒரே படிவத்தில் எதிர்பார்க்கும் கட்சி, குறைந்தது மூன்று மாற்றங்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்பேன். பதிவு தலைமைத் தேர்தல் நேரத்தில் மட்டும் திறக்காமல் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும். தொகுதிகளுக்குச் சம எடை வேண்டும். உறுதிமொழியில், கடந்த காலத்தில் யாருக்கு வாக்களித்தாய் என்று துருவுவதை விட்டுவிட்டு, இன்று வேறு கட்சியின் உறுப்பினரா என்று மட்டும் கேட்க வேண்டும்.

சேவையை மூடியதால் கட்சிக்கு நிம்மதி கிடைத்ததா என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. 2024-இல் தொழிலாளர் கட்சி 33.7 விழுக்காடு வாக்கில் 411 இடங்களை வென்றது. 2017-இல் கார்பின் பெற்ற வாக்கு விழுக்காட்டைவிட அது குறைவு. 2025 அக்டோபரில் துணைத் தலைவர் பதவிக்கு உறுப்பினர்களும் இணைப்பு ஆதரவாளர்களும் மட்டுமே வாக்களித்த தேர்தலில் லூசி பவல் வென்றார். வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர்களில் வாக்களித்தவர்கள் 16.6 விழுக்காடு. 2015 தலைமைத் தேர்தலில் அந்த எண் 76.3.